ஏட்டுச் சுரைக்காய் கறியாவது எப்போது?

சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில், எம்மிடம் உயர்தர வகுப்பிற் படித்த மாணவன் ஒருவனை அழைத்துக்கொண்டு அவன் தந்தையார் எமது இல்லத்துக்கு வந்தார். பையன் உயிரியற் பாடத்திற் கெட்டிக்காரன். எனினும் வைத்தியப் படிப்புக்கு வேண்டிய வெட்டுப்புள்ளி சற்றே தவறிவிட்டது. உணவு, போசணை ஆகியவற்றைக் கற்கும் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. தந்தையாரின் முகத்திலே மகிழ்ச்சியைக் காணோம்.

"மாஸ்ரர், இதைப் படிச்சுப்போட்டு இவன் என்ன செய்யப்போறான்? ஆஸ்பத்திரியிலை சலரோகக்காரருக்குச் சாப்பாட்டு அட்டவணை எழுதிக் குடுக்கிறதோ? சோத்தைக் குறை, கீரையைக் கூட்டு எண்டு சொல்ல ஒரு பட்டமோ?" என்று அவர் கேட்டார்.

பையன் தலைகுனிந்து நின்றான். தந்தையாரைக் குறைகூற எமக்கு மனம் வரவில்லை. பிள்ளையின் நல்வாழ்வை எண்ணிக் கேட்ட கேள்வியது. நாம் அன்று விடையாக ஒரு கதையைச் சொன்னோம். கதை அவசரத்திற் சொல்லப்பட்டது. ஆதலின் பல செய்திகள் விடுபட்டன. எமது வாசகர்களுள்ளும் இத்தகைய பெற்றோரும் மாணவரும் பலர் உளர் என்பதனால், அதனை ஆறுதலாக இவ்வாரம் எழுதுகின்றோம்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது முதுமொழி. போசணை நூல் கற்றவர்க்கு இது மிகப் பொருந்தும். எந்த உணவில் என்ன சத்து உண்டு என்பது ஏட்டில் இருக்கின்றது. அச்சத்துக் குழந்தையின் வாயைச் சென்றடைவதற்கு இடையிலே கடையின் விலை நிற்கின்றது, விளம்பரம் நிற்கின்றது, வைத்தியசாலையின் வழக்கம் நிற்கின்றது, அரசாங்கத்தின் சட்டம் நிற்கின்றது. அடுப்பிலே உலையேற்றுபவள் தாய்தான். ஆயினும் அவள் எதனை வாங்க முடியும், எதனை நம்பி வாங்குகின்றாள் என்பவற்றை வேறெங்கோ இருக்கும் வேறு சிலர் தீர்மானிக்கின்றனர். அவ்விடத்துக்குச் சென்று பேசாத போசணை அறிவு குடத்துள் இட்ட விளக்காகவே எரிந்து அணையும்.

அவ்வாறு சென்று பேசியவர் ஒருவரின் கதையே நாம் சொல்லியது.

சிசிலி வில்லியம்ஸ் அம்மையார் 1893 ஆம் ஆண்டில் யமெய்க்கா தீவிற் பிறந்தவர். ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்திற் கற்று வைத்தியரானார். 1929 இல் ஆங்கில அரசாங்கம் அவரை மேற்கு ஆபிரிக்காவில் கோல்ட் கோஸ்ட் என அந்நாளில் வழங்கிய நாட்டுக்கு அனுப்பியது. இன்று அது கானா எனப்படும். அங்கே அவர் ஒரு விசித்திர நோயைக் கண்டார். இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகளுக்குக் கை கால் வீங்கும், தோல் கறுத்து உரியும், மயிர் செம்பட்டையாகும். குழந்தை சிடுசிடுத்து அழுது, பின் அழவும் வலியற்று இறக்கும். இது பெலாக்ரா என்னும் பழைய நோயே எனப் பெரிய வைத்தியர்கள் சாதித்தனர்.

அம்மையார் புத்தகத்தைப் புரட்டுவதோடு நில்லாது தாய்மாரை விசாரித்தார். அந்நாட்டுக் கா மொழியில் அந்நோய்க்கு ஏற்கெனவே ஒரு பெயர் வழங்கிவந்தது. குவாசியோர்க்கர் என்பது அப்பெயர். அடுத்த பிள்ளை பிறந்ததும் மூத்த பிள்ளைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். நோயின் காரணம் முழுவதும் அப்பெயருள்ளே அடங்கியிருந்தது. தம்பியோ தங்கையோ பிறக்க, மூத்தது தாய்ப்பாலை இழந்து வெறும் சோளக் கஞ்சியில் விடப்படுகின்றது. புரதம் போதாது மெலிந்து வீங்குகின்றது. 1933 இல் அவர் இந்நோயை வைத்திய உலகுக்கு விவரித்தார். 1935 இல் 'லான்செற்' என்னும் புகழ்பெற்ற சஞ்சிகையில் அத்தாய்மார் இட்ட பெயராலேயே அதனை அழைத்தார். இன்றும் எமது பாடநூல்களில் அப்பெயரே உள்ளது.

மறு ஆண்டு, 1936 இல், அவர் மலாயாவுக்கு மாற்றப்பட்டார். மலாயா என்றதும் எம்மவர் செவிகள் கூர்மையடையும். யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் மலாயன் பென்சனியர் இல்லாத ஒழுங்கை அருமையாயிருந்த காலமும் ஒன்றிருந்தது. புகையிரதப் பகுதியிலும் கந்தோர்களிலும் எம்மவர் உத்தியோகம் பார்த்த, இறப்பர்த் தோட்டங்களிலே தமிழ்த் தொழிலாளர் வியர்வை சிந்திய அதே நாட்டில், அம்மையார் வேறோர் ஆபத்தைக் கண்டார்.

ஆபிரிக்காவிலே குழந்தைக்குத் தாய்ப்பால் நின்றது இயல்பாக நிகழ்ந்த ஒன்று. மலாயாவிலோ அதனை நிறுத்துவித்தவர்கள் இருந்தனர். தாதிமாரைப் போல வெள்ளுடை தரித்த பெண்கள் பிரசவித்த தாய்மாரைத் தேடிச் சென்று, சீனி கலந்த ரின் பால் குழந்தைக்கு மிக நன்று எனப் பேசி விற்றனர். உடையைக் கண்ட தாய்மார் அவர்களை வைத்தியசாலையார் எனவே நம்பினர். தமக்குப் பால் போதாது என்னும் ஐயம் எந்தத் தாய்க்கும் எளிதில் எழுவது. அவ்வையத்துக்கே அவர்கள் விலை பேசினர்.

பின் நிகழ்வது யாது? குழந்தை உறிஞ்ச உறிஞ்சவே தாய்க்குப் பால் சுரக்கும். சில நாள் புட்டிப்பால் கொடுத்தால் உறிஞ்சுதல் குறையும்; சுரப்பும் வற்றும். பின்பு ரின்னை விட வழியில்லை. ஏழைக் குடும்பத்தின் சம்பளத்திற் பாலின் விலை பெரும் பங்கு. ஆதலின் ஒரு ரின்னைப் பல நாளைக்கு வருமாறு தண்ணீர் கலப்பர். அத்தண்ணீரோ கொதிக்காத தண்ணீர். புட்டியோ சரிவரக் கழுவாத புட்டி. வயிற்றோட்டம் வரும். கொழுப்பு நீக்கிய மலிவான ரின் பாலாயின் அதிலே உயிர்ச்சத்து ஏ இராது, கண்ணும் பழுதுபடும். தாயின் மார்பில் இலவசமாய்ச் சுரந்த உணவைக் காசு கொடுத்து நிறுத்தி, காசு கொடுத்தே நோயையும் வாங்கினர் அப்பேதைகள்.

1939 இல் சிங்கப்பூர் றோட்டரிக் கழகத்தில் உரையாற்ற அம்மையாருக்கு அழைப்பு வந்தது. றோட்டரிக் கழகம் ஏழைத் தாய்மார் கூடும் இடமன்று. வியாபாரப் பிரமுகர்களும் உத்தியோகப் பெரியோரும் கூடும் இடம். பாலும் கொலையும் என அவர் தம் உரைக்குத் தலைப்பிட்டார். குழந்தை உணவு பற்றிப் பொய்ப் பிரசாரம் செய்வது கொடிய குற்றமாகத் தண்டிக்கப்படவேண்டும், அதனால் நேரும் சாவுகள் கொலையெனவே எண்ணப்படவேண்டும் என்ற கருத்துப்பட அங்கே பேசினார். அரசாங்க வைத்தியர் ஒருவர், அதிலும் பெண்ணொருவர், அக்காலத்தில் அச்சபையில் அவ்வாறு பேசியதன் துணிவை வாசகர் எண்ணிப் பார்க்கவேண்டும்.

உடனே சட்டம் வந்ததா? வரவில்லை. யுத்தம் வந்தது. யப்பானியர் சிங்கப்பூரைக் கைப்பற்றியதும் அம்மையார் சாங்கிச் சிறையில் அடைபட்டார். இராணுவப் பொலிசாரின் கூண்டிலும் சில மாதம் கிடந்தார். சிறைமுகாமிலே 20 குழந்தைகள் பிறந்தனவென்றும், 20 குழந்தைகளும் தாய்ப்பாலே உண்டனவென்றும், 20 குழந்தைகளும் பிழைத்தனவென்றும் அவர் பின்னாளிற் கூறினார். உண்ண உணவற்ற சிறையிலும் தாய்மாரின் மார்பு வற்றவில்லை. விற்பனைக்காரர் நுழைய முடியாத இடம் அது.

யுத்தம் முடிந்து 1948 இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் தாய்சேய் நலப் பகுதிக்கு அவர் முதல் தலைவரானார். ஆயினும் ரின் பாலும் பால்மாவும் ஆசியா, ஆபிரிக்கா, தென் அமெரிக்கா எங்கும் முன்னிலும் வேகமாகப் பரவின. 1968 இல் டெரிக் ஜெலிஃப் என்னும் குழந்தை வைத்திய நிபுணர் இவ்வழிவுக்கு ஒரு பெயரிட்டார். வியாபாரத்தாற் பிறந்த மந்தபோசணை என்பது அதன் பொருள். பெயர் வந்தபின் பிறரும் பேசத் தொடங்கினர். 1974 இல் இலண்டனிலுள்ள தரும ஸ்தாபனம் ஒன்று இதனை விளக்கிச் சிறு நூலொன்று வெளியிட்டது. சுவிற்சர்லாந்து இளைஞர் சிலர் அதனைத் தம் மொழியில் ஆக்கி, நெஸ்லே கம்பனியின் பெயரையே தலைப்பிற் சேர்த்தனர். கம்பனி மானநட்ட வழக்குத் தொடுத்தது. 1976 இல் பேர்ண் நகர நீதிபதி தலைப்பு அவதூறானது எனத் தீர்த்து, ஒவ்வொருவருக்கும் 300 பிராங்கு அபராதம் விதித்தார். ஆயினும் கம்பனி தன் விளம்பர முறையைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்றும் கூறினார். வழக்கில் வென்றவர்க்கு அவ்வெற்றி இனிக்கவில்லை. 1977 இல் அமெரிக்காவிற் பகிஷ்காரம் தொடங்கியது. 1978 இல் அந்நாட்டுச் செனற் சபையில் விசாரணை நடந்தது. 1979 இல் ஜெனீவாவில் அரசாங்கங்களும் அறிஞரும் கம்பனிகளும் ஒரே மண்டபத்தில் அமர்ந்தனர்.

முடிவாக 1981 ஆம் ஆண்டு மே மாதத்தில் உலக சுகாதார மகாசபை, தாய்ப்பாலுக்குப் பதிலாக விற்கப்படும் பண்டங்கள் பற்றிய சர்வதேச நெறிக்கோவையை ஏற்றது. ஆதரவு 118 நாடுகள், எதிர்ப்பு ஒன்று. அந்த ஒன்று அமெரிக்கா. தம் அரசாங்கம் எதிர்த்து வாக்களிக்கத் துணிந்ததைப் பொறாது, அந்நாட்டு வெளிநாட்டு உதவி இலாகாவின் உயர் அதிகாரிகள் இருவர் பதவியைத் துறந்தனர். அவர்களுள் ஒருவர் குழந்தை வைத்தியர்.

நெறிக்கோவை சொல்வது மிக எளிது. இப்பண்டங்களைப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்யலாகாது. தாய்மாருக்கு இலவச மாதிரி வழங்கலாகாது. கம்பனியாட்கள் தாய்மாரை நேரிற் சந்திக்கலாகாது. வைத்தியசாலை விற்பனைக் களமாதல் கூடாது. பேணியிலே கொழுத்த குழந்தையின் படம் போடலாகாது. கவனிக்க: விற்பனையை அது தடுக்கவில்லை. தாயை இழந்த குழந்தைக்கும், நோயினாற் பாலூட்ட முடியாத தாய்க்கும் அப்பண்டம் தேவை. அத்தகைய தாயைப் பழிப்பவர் இக்கதையின் பொருளை உணராதவர். தடுக்கப்பட்டது ஏமாற்று, பால் அன்று.

1939 க்கும் 1981 க்கும் இடையே 42 ஆண்டுகள். அம்மையார் அதனைக் கண்ணாற் கண்டபின்னரே 1992 இல், தம் 98 ஆம் வயதிற் காலமானார்.

இனி இக்கதையிலிருந்து போசணை கற்கும் மாணவர் கொள்ளத்தக்கவை யாவை எனப் பார்ப்போம்.

முதலாவது, கண்டறிதல். அம்மையார் கோபத்தோடு தொடங்கவில்லை. நோயாளிக் குழந்தைகளோடு தொடங்கினார். யாருக்கு நோய், எவ்வயதில், என்ன உண்டனர் என்று எழுதிவைத்தார். குறிப்பேடு இல்லாதவன் குரல் எவ்வளவு ஓங்கினும் அது வெறும் கூச்சலே.

இரண்டாவது, மக்கள் மொழியிற் சொல்லுதல். குவாசியோர்க்கர் என்னும் சொல் தாய்மாரிடமிருந்து வந்தது. பாலும் கொலையும் என்னும் தலைப்பு எவருக்கும் விளங்குவது. போசணை அறிஞர் கலோரி, கிராம் என்றே பேசுவாராயின் மந்திரி தலையசைப்பார், மறந்துவிடுவார்.

மூன்றாவது, கேட்க விரும்பாதவர் முன்பும் சொல்லுதல். தாய்மாருக்குப் புத்தி சொல்லுதல் எளிது. அவர்கள் மறுத்துப் பேசார். குற்றம் தாயிடத்தன்று, விற்பனை முறையிலேதான் என்று விற்பவர் மத்தியிற் சொல்வது அரிது. எம்மவரின் பழைய அமைச்சர் இலக்கணத்தில் இடித்துரைத்தல் ஒரு கடமை. அக்கடமை அறிவுடையார் எல்லார்க்கும் உரியது.

நான்காவது, தனித்து நில்லாமை. அம்மையார் ஒருவராற் சட்டம் வரவில்லை. வைத்தியர், தாதியர், பத்திரிகையாளர், மதபீடத்தார், தாய்மார், சட்டம் தெரிந்தோர் எனப் பலர் சேர்ந்தபோதே தேர் அசைந்தது. வடத்தை ஒருவர் பிடித்துத் தேர் இழுத்த ஊரில்லை.

ஐந்தாவது, முறைப்பாட்டை வாசகமாக்குதல். கொடுமை, அநியாயம் என்று சொல்வதோடு நிற்பின் அதிகாரி யாது செய்வார்? மாதிரி வழங்கலாகாது, படம் போடலாகாது என ஒவ்வொன்றாக எழுதிக் கையிற் கொடுத்தபோதே அரசாங்கங்கள் ஏற்க முடிந்தது. போசணை கற்றவருக்குச் சட்ட வாசகம் எழுதவும் ஓரளவு தெரிந்திருத்தல் நன்று.

ஆறாவது, கை நனையாமை. ஒருவர் வீட்டிற் கை நனைத்தபின் அவ்வீட்டைக் குறைகூற வாய் எழாது. கம்பனி தரும் நாட்காட்டியும் பேனையும் மாநாட்டுப் பிரயாணமும் சிறியனவாய்த் தோன்றும். ஆயினும் அவை பெற்றவரின் சொல்லுக்குச் சபையில் எடை குறையும். நெறிக்கோவை இதனையும் மறவாது, சுகாதார ஊழியருக்கு விற்பனை நோக்கிற் பரிசளித்தலைத் தடுத்திருக்கின்றது.

ஏழாவது, சட்டம் வந்தபின்னும் விழித்திருத்தல். இதனை எமது நாட்டைக்கொண்டே விளக்கலாம். உலக மகாசபை நெறிக்கோவையை ஏற்ற 1981 இலேயே இலங்கையும் தனக்கென ஒன்றை வகுத்து, 1983 இல் அதற்குச் சட்ட வலுவும் அளித்தது. எமது பொதுச் சுகாதார மருத்துவ மாதர் வீடு வீடாகச் சென்று இளந்தாய்மாரின் அருகிருந்து உதவினர். 2016 ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார மதிப்பீட்டின்படி, ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 82 தாய்ப்பாலொன்றையே உண்டன. சட்டம் விற்பனைக்காரனை வாசலுக்கு வெளியே நிறுத்த, மருத்துவ மாது வீட்டுக்குள்ளே சென்றாள். இரண்டும் சேர்ந்தே இப்பயன் விளைந்தது எனக் கருதுகின்றோம்.

ஆயினும் வெள்ளுடைப் பெண் இன்று வேறு வழியாக வருகின்றாள். உலக சுகாதார ஸ்தாபனமும் யுனிசெவ்வும் 2022 இல் வெளியிட்ட அறிக்கையொன்று எட்டு நாடுகளிலே பெற்றோரும் கர்ப்பிணிகளுமாக 8,500 பேரை விசாரித்தது. அவர்களுட் பாதிக்கு மேற்பட்டோரைப் பால்மா விளம்பரம் எட்டியிருந்தது. அவ்வியாபாரத்தின் அளவு ஆண்டொன்றுக்கு 5,500 கோடி டொலர் என அவ்வறிக்கை கூறுகின்றது. நள்ளிரவிற் குழந்தை அழ, கைத்தொலைபேசியிலே காரணம் தேடும் இளந்தாயின் முன் அறிவுரை என்னும் வேடத்தில் விளம்பரம் வந்து நிற்கின்றது. 1981 இன் வாசகம் எழுதப்பட்டபோது இக்கருவி இல்லை. புதிய வாசகத்தை எழுதுவோர் இன்று படிக்கப்போகும் பிள்ளைகளாகவே இருத்தல் வேண்டும்.

அன்று மாலை இவ்வளவையும் நாம் சொல்லவில்லை, சுருக்கமாகவே சொன்னோம். தந்தையார் தேநீரை அருந்தியபடி கேட்டிருந்தார். அதுவரை வாய் திறவாதிருந்த பையன் அப்போதே தலைநிமிர்ந்தான்.

"அந்த அம்மா சொல்லி நாப்பத்திரண்டு வருசத்துக்குப் பிறகுதானே சட்டம் வந்தது, சேர்? அதுக்குள்ளை எத்தினை பிள்ளையள் செத்திருக்குங்கள்?" என்றான்.

எம்மிடம் விடையில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு எழுந்து பேசும் வாய் இருக்கவில்லை. பேசத் தெரிந்தவர் பலர் பேசாதிருந்தனர். இதனை மட்டும் சொன்னோம்.

பின்பு தந்தையார் பக்கம் திரும்பி, "ஐயா, உங்கள் மகன் எண்ணிப்பார்க்க வேண்டியதை எண்ணிப்பார்க்கின்றான். இந்தப் படிப்புக்கு வேண்டிய தகுதி அதுதான். தடுக்காமல் அனுப்பிவையுங்கள்" என்றோம்.

அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின், படலையடியிற் செருப்பைப் போட்டுக்கொண்டே, "எப்ப மாஸ்ரர் பதிவுக்குக் கடைசி நாள்?" என்று மெல்லக் கேட்டார்.